ஏ.ஐ. வந்துவிட்டதே, ரேடியாலஜி எடுக்கலாமா?

கேள்வி: மேடம், நான் தென் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஹவுஸ் சர்ஜன்ஷிப் முடித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் டாக்டர். அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். நீட் பி.ஜி.யில் நல்ல ரேங்க் வந்திருக்கிறது, ரேடியாலஜி கிடைத்துவிடும் என்கிறார்கள். எனக்கும் எக்ஸ்ரே, ஸ்கேன் படம் பார்ப்பது பிடிக்கும். ஆனால் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் அத்தான், "அஞ்சு வருஷத்துல ரேடியாலஜிஸ்ட்டே தேவைப்படாது, எல்லாத்தையும் ஏ.ஐ. பாத்துடும், பேசாம ஜெனரல் மெடிசின் எடு" என்கிறார். அப்பாவும் பயந்துபோயிருக்கிறார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சைக்கு முழுக்க முழுக்க ஏ.ஐ. சாட்டை வைத்துத்தான் படித்தேன். இப்போது வார்டில் ஒரு கேஸைப் பார்த்தால், நான் யோசிப்பதற்கு முன்னாலேயே கை போனுக்குப் போய்விடுகிறது. சொந்தமாக ஒரு டயக்னோசிஸ் சொல்லவே பயமாக இருக்கிறது. நான் இந்தத் துறைக்கு வரலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று அத்தான் கேட்டது, இன்னொன்று நீங்களே உங்களைக் கேட்டுக்கொண்டது. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. ஆனாலும் வீட்டில் எல்லோரும் முதல் கேள்விக்குத்தான் பதில் எதிர்பார்ப்பார்கள், அதை முதலில் பார்த்துவிடுவோம்.

அத்தான் சொல்வது புதிய பேச்சு இல்லை. 2016ல் டொரண்டோவில் நடந்த ஒரு கூட்டத்தில் ஜெஃப்ரி ஹின்டன் இதையேதான் சொன்னார். இன்றைய ஏ.ஐ.க்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், 2024ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கியவர். ரேடியாலஜிஸ்ட்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், ஐந்து வருஷத்தில் மெஷின் அவர்களைவிட நன்றாகப் படம் பார்க்கும், தள்ளிப்போனால் பத்து வருஷம் ஆகலாம் என்றார். அவ்வளவு பெரிய ஆள் சொன்னதால் உலகம் முழுக்க எங்கள் ரேடியாலஜி துறையில் கலக்கம் வந்தது.

நடந்தது வேறு. மெஷின்கள் வந்தன, அதில் சந்தேகமே இல்லை. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்திருக்கும் ஏ.ஐ. மருத்துவக் கருவிகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன, அவற்றில் முக்கால்வாசி ரேடியாலஜிக்கானவை. வேறு எந்த மருத்துவத் துறைக்குள்ளும் ஏ.ஐ. இந்த அளவுக்கு நுழையவில்லை. ஆனால் ஆட்கள் குறையவில்லை. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் 2016ல் இருந்ததைவிட ரேடியாலஜிஸ்ட்டுகள் பாதிக்கும் மேல் கூடி, 2025ல் 400 பேரைத் தாண்டிவிட்டார்கள். ஹின்டனும் அந்த வருஷம், தான் சொன்னது படத்தை அலசும் வேலையைப் பற்றி மட்டுமே என்றும், காலக்கணக்கு தப்பிவிட்டது, திசை தப்பவில்லை என்றும் விளக்கம் கொடுத்தார்.

ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொண்டால் அத்தானுக்குப் பதில் சொல்லச் சுலபமாக இருக்கும். பெரும்பாலான கருவிகள் ஒன்றிரண்டு வேலைகளைத்தான் செய்கின்றன. ஒன்று மூளையில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும், இன்னொன்று நுரையீரலில் கட்டி தேடும், மற்றொன்று எலும்பு முறிவு. ஒரு வயிற்று சி.டி.யைத் திறந்தால் நான் பார்க்க வேண்டியது கல்லீரல், கணையம், குடல், ரத்தக்குழாய், முதுகெலும்பு என்று ஒரு நீண்ட வரிசை. அப்புறம் இந்த நோயாளிக்கு இதில் எது முக்கியம் என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். சர்ஜனைக் கூப்பிட்டு, "சார், காத்திருக்க வேண்டாம், இப்பவே திறந்துடுங்க" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தைக்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். இதெல்லாம் போக, ஸ்கேன் எடுப்பவர்களின் எண்ணிக்கை வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிறது.

நம் ஊரில் கணக்கு இன்னும் வேறு மாதிரி. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய ஒரு ரேடியாலஜிஸ்ட் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நீங்கள் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோதே பார்த்திருப்பீர்கள்: கேஷுவாலிட்டியில் எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரேக்களில் எத்தனை எங்கள் துறைக்கு வந்து ரிப்போர்ட் ஆகின்றன? ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, டியூட்டி டாக்டரே பார்த்து மருந்து எழுதிவிடுவார். அந்த இடத்தில் மெஷின் யாருடைய வேலையையும் பறிக்கவில்லை. யாருமே செய்யாமல் கிடந்த வேலையை அது செய்கிறது.

டி.பி. விஷயத்தில் இது கண்கூடு. 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் டி.பி. இருக்கிறதா என்று சலித்துப் பார்க்க, மனிதர் பார்ப்பதற்குப் பதிலாக கம்ப்யூட்டரே எக்ஸ்ரேயைப் படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021லேயே பரிந்துரை செய்தது. 2024 டிசம்பரில் தொடங்கிய 100 நாள் டி.பி. ஒழிப்பு இயக்கத்தில் கையில் தூக்கிக்கொண்டு போகும் எக்ஸ்ரே மெஷின்களும் ஏ.ஐ.யும் கிராமங்களுக்குப் போயின. படம் எடுத்த சில நிமிஷத்தில் ஒரு மதிப்பெண் வருகிறது, அது அதிகமாக இருந்தால் சளியை எடுத்து, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். இருமலை பீடி இருமல் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வரும் ஒருவர் இப்படித்தான் நோய் முற்றுவதற்கு முன் கண்ணில் படுகிறார். இதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஒரு ரேடியாலஜிஸ்ட் வந்து சேரட்டும் என்று காத்திருந்தால் அந்த ஊருக்கு யாருமே வரமாட்டார்கள்.

ஸ்வீடனிலும் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அங்கே மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில் ஒவ்வொரு மேமோகிராமையும் (மார்பக எக்ஸ்ரே) இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்ப்பது வழக்கம். ஒரு பெரிய ஆய்வில், ஏ.ஐ. ஆபத்து குறைவு என்று பிரித்த படங்களை ஒரே டாக்டரும், ஆபத்து அதிகம் என்றவற்றை இரண்டு டாக்டர்களும் பார்த்தார்கள். 2023ல் வெளியான முதல்கட்ட முடிவு 80,000 பெண்களை வைத்துச் சொன்னது: டாக்டர்கள் படிக்க வேண்டிய வேலை 44 சதவீதம் குறைந்தது, ஆயிரம் பேரில் கண்டுபிடித்த புற்றுநோய்கள் 5லிருந்து 6ஆக உயர்ந்தன. வேலை குறைந்து பலனும் கூடியது என்றால் அதை எதிர்ப்பதில் எந்த நியாயமும் இல்லை. ஐரோப்பாவில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். முழுக்க நார்மலான நெஞ்சு எக்ஸ்ரேக்களுக்கு டாக்டர் பார்க்காமலே ரிப்போர்ட் கொடுக்கும் ஒரு சாஃப்ட்வேருக்கு 2022ல் அங்கே அனுமதியே கிடைத்துவிட்டது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். எக்ஸ்ரேயை மட்டும் படித்துக்கொண்டு காலம் தள்ளலாம் என்ற வாழ்க்கை உங்கள் தலைமுறைக்கு இல்லை. வீட்டில் உட்கார்ந்து டெலிரேடியாலஜி, அதாவது கம்ப்யூட்டரில் வந்து சேரும் வெளியூர்ப் படங்களைப் பார்த்து, ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சம்பாதிக்கலாம் என்று வருபவர்களுக்கும் நெருக்கடி வரும். முதல் வரைவை மெஷின் எழுதிக் கொடுத்தால், ஒரு மணி நேரத்தில் இன்னும் நாலு பார்க்கலாமே என்று முதலாளி கேட்பார், ரேட்டைக் குறைப்பார். நைட் எமர்ஜென்சி தொல்லை இல்லை, நல்ல வருமானம் என்பதற்காக மட்டும் முதல் ரேங்க்காரர்கள் எல்லோரும் ரேடியாலஜியை எடுப்பது எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. அந்தக் காரணத்துக்காக வருவதாக இருந்தால் அத்தான் சொல்வதைக் கேளுங்கள்.

ஆனால் நீங்கள் "படம் பார்ப்பது பிடிக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

நம் நாட்டில் ரேடியாலஜிஸ்ட்டின் நாளில் பெரும்பகுதி அல்ட்ராசவுண்ட் அறையில்தான் போகிறது. அங்கே படத்தை யாரும் எடுத்துக் கொண்டுவந்து தருவதில்லை, நாமேதான் எடுக்க வேண்டும். வலது பக்கம் அடிவயிற்றில் வலி என்று ஒரு பெண் வருகிறாள். "எங்கம்மா வலிக்குது, ஒரு விரலால காட்டு" என்கிறோம். அவள் காட்டிய இடத்தில் புரோபை, அதாவது ஸ்கேன் மெஷினின் கைப்பிடிக் கருவியை வைத்து மெதுவாக அழுத்தினால் குடல் நசுங்கி விலகுகிறது. நசுங்காமல் ஒரு குழாய் மட்டும் நிற்கிறது. அழுத்தும்போது அவள் முகத்தைப் பார்க்கிறோம், கையை எடுக்கும்போதும் பார்க்கிறோம். குடல்வாலா, கருமுட்டைப் பையா, சிறுநீர்க் குழாயில் கல்லா என்ற கேள்விக்குப் பதில் திரையிலும் இருக்கிறது, அவள் முகத்திலும் இருக்கிறது, அவள் மாதவிலக்குத் தேதியிலும் இருக்கிறது. இங்கே ஏ.ஐ. அளவெடுக்க உதவலாம். இந்த உரையாடலை அது நடத்துவதற்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கிறது. ஊசி வைத்துச் சதை எடுப்பது, சீழை வடிப்பது, அடைத்துக்கொண்ட சிறுநீரகத்துக்குக் குழாய் போடுவது என்று கையால் செய்கிற வேலைகளும் எங்கள் துறையில் பெருகிக்கொண்டே வருகின்றன.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் துறையில் நடந்த ஒன்று. நெஞ்சு எக்ஸ்ரே படிக்கும் ஒரு சாஃப்ட்வேரை நாங்கள் சில காலமாகப் பயன்படுத்துகிறோம். சந்தேகமான இடத்தில் கலரில் ஒரு கட்டம் போட்டுக் காட்டும். கல்லூரி அட்மிஷனுக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்க வந்த பெண் ஒருத்தியின் படத்தில், வலது நுரையீரலின் உச்சியில் கட்டம் விழுந்தது. முதல் வருஷ பி.ஜி. மாணவர் அதைப் பார்த்துவிட்டு "வலது மேல்பகுதியில் நிழல், டி.பி.யாக இருக்கலாம், சளிப் பரிசோதனை தேவை" என்று எழுதிவிட்டார். ரிப்போர்ட் கையெழுத்துக்கு என்னிடம் வந்தது. நிழல் இருந்தது உண்மை. ஆனால் அது நுரையீரலோடு நிற்கவில்லை. கழுத்தெலும்பைத் தாண்டி மேலே கழுத்து வரைக்கும் போயிருந்தது. ஓரத்தில் மெல்லிய பின்னல் கோடுகள் தெரிந்தன. அந்தப் பெண்ணின் ஈரச் சடை. டெக்னீஷியன் அவசரத்தில் அதைத் தூக்கிக் கட்டச் சொல்லவில்லை, முன்பக்கமாகத் தோளில் விழுந்திருக்கிறது. சடையை எடுத்துக் கொண்டை போட்டு மறுபடி எடுத்தோம், படம் சுத்தமாக இருந்தது.

மெஷின் தப்பு செய்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. சடை நிழலை டி.பி. என்று நினைப்பது எங்கள் துறையில் பழைய தப்பு, பாடப் புத்தகத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. என்னைக் கவலைப்பட வைத்தது அந்த பி.ஜி. கெட்டிக்காரப் பையன். கட்டம் இல்லாமல் அதே படத்தைக் கொடுத்திருந்தால் கழுத்து வரை பார்த்திருப்பான், நோயாளி யார், எதற்கு வந்தாள் என்று யோசித்திருப்பான். கட்டம் விழுந்ததும் கண் அங்கேயே நின்றுவிட்டது. பார்ப்பதை விட்டுவிட்டு, கட்டத்துக்குள் இருப்பதற்குப் பெயர் தேடத் தொடங்கிவிட்டான்.

இது ஒரு பையனின் பலவீனம் இல்லை. ஜெர்மனியில் 27 ரேடியாலஜிஸ்ட்டுகளை வைத்து நடத்திய ஒரு சோதனை 2023ல் வெளியானது. 50 மேமோகிராம்களைக் கொடுத்து, இது ஏ.ஐ. சொன்ன முடிவு என்று ஒன்றைக் காட்டினார்கள். சில படங்களுக்கு வேண்டுமென்றே தப்பான முடிவைக் காட்டினார்கள். ஏ.ஐ. சரியாகச் சொன்னபோது அனுபவம் குறைந்தவர்கள் நூற்றுக்கு 80 சரியாகச் சொன்னார்கள், அது தப்பாகச் சொன்னபோது நூற்றுக்கு 20க்கு இறங்கிவிட்டார்கள். நீண்ட அனுபவம் உள்ளவர்களும் தப்பவில்லை, 82லிருந்து 45க்கு வந்தார்கள். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். பழைய கண்களுக்கு மெஷினோடு முரண்படுவதற்குக் கொஞ்சமாவது பலம் இருந்தது. புதிய கண்களுக்கு அது இல்லை.

பழைய கண்ணும் பழக்கம் விட்டால் மங்கும் என்பதை 2025ல் போலந்திலிருந்து வந்த ஆய்வு காட்டியது. பெருங்குடலை எண்டோஸ்கோப்பால் பார்த்து, பின்னாளில் புற்றாக மாறக்கூடிய கட்டிகளைத் தேடும் வேலை. 19 டாக்டர்கள், ஒவ்வொருவரும் 2,000க்கு மேல் செய்த கைகள். ஏ.ஐ. துணை வருவதற்கு முன் நூறு பேரில் 28 பேரிடம் அந்தக் கட்டிகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏ.ஐ.யைப் பயன்படுத்தப் பழகிய பிறகு, அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அது 22 ஆகிவிட்டது. சில மாத இடைவெளியில் இது நடந்தது. ஒரே ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாது, வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனாலும் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இவர்கள் முன்பே நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்கள். பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே மெஷினோடு சேர்ந்துவிட்டவர்களுக்கு மங்குவதற்கு என்ன இருக்கும்?

மனிதக் கண்ணை நான் கும்பிடச் சொல்லவில்லை. 2013ல் பாஸ்டனில் 24 ரேடியாலஜிஸ்ட்டுகளிடம் நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்துச் சின்னக் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். அந்தப் படங்களுக்குள் கட்டியைவிட 48 மடங்கு பெரிய ஒரு கொரில்லா உருவத்தை ஒட்டியிருந்தார்கள். 20 பேர் அதைக் கவனிக்கவே இல்லை. தேடுவது மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் இரண்டாவதாக ஒரு கண் தேவை, அது மெஷினாக இருந்தால் நல்லதுதான். இரண்டாவதாக வர வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

ஆக, உங்கள் வேலை போகுமா என்ற கவலை எனக்கு அவ்வளவாக இல்லை. பார்க்கத் தெரிந்தவராக நீங்கள் ஆவதற்கு இந்தக் காலம் வாய்ப்புக் கொடுக்குமா என்பதுதான் என் கவலை. ஆயிரக்கணக்கான நார்மல் படங்களைப் பார்த்துச் சலித்த பிறகுதான் நார்மல் இல்லாத ஒன்று கண்ணில் உறுத்தும். சாதாரணப் படங்களை எல்லாம் மெஷினே வடிகட்டிவிட்டு, கஷ்டமானதை மட்டும் பி.ஜி.யின் மேசையில் வைத்தால், எதோடு ஒப்பிட்டு அவர் அதைக் கஷ்டம் என்று உணர்வார்? இதை நாங்கள், கற்றுக்கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், பொறுப்போடு யோசித்தே ஆக வேண்டும். பி.ஜி. தன் கருத்தை எழுதி முடிக்கும்வரை ஏ.ஐ. முடிவைத் திரையில் காட்டாதபடி எங்கள் அறையில் அமைத்திருக்கிறோம். செய்வது கடினமில்லை. சாஃப்ட்வேர் விற்க வருபவர்கள் தாங்களாக இதைச் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் பழக்கத்துக்கு வருவோம். யோசிப்பதற்கு முன் கை போனுக்குப் போகிறது என்கிறீர்கள். அதைக் கவனித்திருக்கிறீர்களே, அதுவே பாதி வைத்தியம். போனைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். வரிசையை மட்டும் மாற்றுங்கள். சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேஸைப் பார்த்ததும் மூன்று வரி எழுதுங்கள்: என்ன கண்டேன், என்ன நோயாக இருக்கும், எது தெரிந்தால் இந்த முடிவை மாற்றிக்கொள்வேன். எழுதிய பிறகு எதை வேண்டுமானாலும் திறந்து கேளுங்கள். மெஷின் வேறு மாதிரிச் சொன்னால் உடனே அடித்துவிட்டு மாற்றாதீர்கள், பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டில் எது சரி என்பதை நோயாளியே ஒரு வாரத்தில் சொல்லிவிடுவார்.

அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு போய்க் கேட்பதுதான் மிக முக்கியம். ஆபரேஷன் தியேட்டருக்குப் போய், "சார், அந்த அப்பெண்டிக்ஸ் கேஸ் திறந்தப்ப என்ன இருந்துச்சு?" என்று கேளுங்கள். பயாப்சி ரிசல்ட்டைத் தேடிப் பிடியுங்கள். நீங்கள் எழுதியதற்கு எதிரே உண்மையை எழுதுங்கள். எங்களுக்குக் கற்றுக்கொடுத்த சீஃப்கள் எல்லோரும் இப்படித்தான் கண்ணைப் பழக்கினார்கள். படத்தைப் பார்த்து ஒன்று சொல்லி, அது தப்பு என்று தெரிந்து, மறுபடி அதே படத்தை எடுத்துப் பார்க்கும்போது, முதலில் விட்ட கோடு பளிச்சென்று தெரியும். அப்புறம் அதை வாழ்நாளில் விடமாட்டீர்கள். பதில் முதலிலேயே கையில் இருந்தால் அந்த உறுத்தல் நடக்காது, பாடமும் இறங்காது.

பரீட்சைக்குப் படித்ததைப் பற்றிக் குற்ற உணர்ச்சி வேண்டாம். அதே சாட்டிடம் விடையைக் கேட்பதை நிறுத்திவிட்டு, உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "நான் சொல்லும் டயக்னோசிஸுக்கு எதிராக வாதாடு" என்று சொல்லிப் பாருங்கள், நன்றாக வாதாடும். அதன் வாதத்தில் எங்கே ஓட்டை என்று தேடுங்கள். சில சமயம் இல்லாத ஒன்றை இருப்பதுபோல் அடித்துச் சொல்லும், அப்போது புத்தகத்தைத் திறக்க வேண்டிய கட்டாயம் வரும், அதுவும் நல்லதே. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நோயாளியின் பெயர், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), முகம் தெரியும் படம் எதையும் அதில் ஏற்றாதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் நம்மை நம்பித்தான் சட்டையைக் கழற்றினார்.

அப்புறம், மெஷின் பார்க்க முடியாத ஒன்று நம் ஊர் நோயாளிகளிடம் இருக்கிறது, அது அவர்கள் கையில் இருக்கும் பை. ஜவுளிக்கடைப் பைக்குள் பழைய ஃபிலிம், கசங்கிய டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டை எல்லாம் சேர்த்து வைத்திருப்பார்கள். அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் இருமலோடு வந்தார். நுரையீரலின் உச்சியில் தழும்பும் சுருக்கமும் இருந்தது, சாஃப்ட்வேர் டி.பி.க்கு அதிக மதிப்பெண் கொடுத்தது. படத்தை மட்டும் பார்த்தால் அது தப்பே இல்லை. "ஐயா, பழைய படம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டதும் பையிலிருந்து மஞ்சள் பாரித்துப்போன ஃபிலிம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பல வருஷத்துக்கு முன் எடுத்தது. அதே தழும்பு, அதே இடம், அதே அளவு. என்றைக்கோ ஆறிப்போன டி.பி. சளிப் பரிசோதனையும் செய்தோம், கிருமி இல்லை. இருமலுக்குக் காரணம் வேறு. பையைத் திறக்கச் சொல்லியிருக்காவிட்டால் ஆறு மாத மாத்திரையை அவர் மறுபடி விழுங்கத் தொடங்கியிருக்கக்கூடும். நாளைக்கு எல்லாப் பழைய படங்களும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் இந்த ஒப்பீட்டையும் மெஷின் செய்யும், செய்யட்டும். அந்த நாள் வரும்வரை கேட்க வேண்டியது நாம்.

நீங்கள் ரேடியாலஜிக்கு வந்தால் இன்னொரு வேலையும் உங்களுக்குக் காத்திருக்கிறது. மெஷினைச் சோதிக்கும் வேலை. 2018ல் அமெரிக்காவில் நிமோனியா கண்டுபிடிக்கப் பழக்கிய ஒரு ஏ.ஐ. மாடலை ஆராய்ந்தபோது, படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை அது கிட்டத்தட்டப் பிசகாமல் கண்டுகொள்வது தெரிந்தது. ஒரு மருத்துவமனையில் நிமோனியா நோயாளிகள் அதிகம் என்றால், அந்த அடையாளத்தை வைத்தே அது யூகித்துக்கொள்ளலாம். வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அதன் திறமை குறைந்தது. வெளியூர்ப் படங்களில் கற்ற சாஃப்ட்வேர் சிவகங்கையில், ராமநாதபுரத்தில், பழைய மெஷினில் எடுத்த படத்தில், சடையும் ஊக்கும் தாலிக்கொடியுமாக வரும் நெஞ்சில் எப்படிப் பார்க்கிறது என்பதை அங்கே இருக்கும் டாக்டர்தான் எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டும். நூறு படங்களை எடுத்து, மெஷின் சொன்னது, நாம் சொன்னது, கடைசியில் தெரிந்தது என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பினாலே நிறைய விளங்கிவிடும். கம்ப்யூட்டர் கோடு எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் அத்தானும் இதில் உதவலாம், அவரை எதிராளியாக நினைக்காதீர்கள்.

ஜெனரல் மெடிசினும் நல்ல துறைதான். ஆனால் ஏ.ஐ.யிடமிருந்து தப்பிக்க அங்கே போவது வீண். வார்டில் உங்கள் கை போனுக்குப் போனதே, அது மெடிசின் கேஸ்தானே. சாட் மாடல்கள் நேராக நுழைவது அங்கேதான். எந்தத் துறைக்குப் போனாலும் யோசிக்கும் வரிசையை நீங்கள்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதனால் என் கருத்து: வாருங்கள். துறையைத் தேர்ந்தெடுப்பதற்கு எவ்வளவு யோசிக்கிறீர்களோ அவ்வளவு கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கும் யோசியுங்கள். கவுன்சிலிங்கில் சாய்ஸ் லாக் செய்வதற்கு முன், போக முடிந்த இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு நேரில் போய், ரேடியாலஜி துறையில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். எம்.ஆர்.ஐ. மெஷினின் காந்த சக்தி எத்தனை டெஸ்லா என்று விசாரிப்பது அப்புறம் இருக்கட்டும். அங்கே இருக்கும் இரண்டாம் வருஷ பி.ஜி.யைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்: நைட் டியூட்டியில் வரும் சி.டி.யை முதலில் நீங்கள் படிக்கிறீர்களா, இல்லை வெளியே அனுப்பிவிடுகிறார்களா? உங்கள் ரிப்போர்ட்டைத் திருத்தும்போது சீஃப் பக்கத்தில் உட்கார வைத்துத் திருத்துகிறாரா, இல்லை சிவப்பு மையோடு தாள் மட்டும் திரும்பி வருகிறதா? அல்ட்ராசவுண்டில் புரோப் எந்த மாதத்திலிருந்து உங்கள் கைக்கு வந்தது? ஏ.ஐ. சாஃப்ட்வேர் இருக்கிறதா, இருந்தால் அதன் முடிவு உங்களுக்கு எப்போது தெரியும்? வாரத்தில் ஒரு நாளாவது சர்ஜனும் பேத்தாலஜிஸ்ட்டும் வந்து உட்கார்ந்து, உங்கள் படத்துக்கு எதிரே தாங்கள் கண்டதைச் சொல்கிறார்களா?

இதற்கெல்லாம் தயங்காமல் பதில் வருகிற கல்லூரியை லிஸ்ட்டில் முதலாவதாகப் போடுங்கள். அது உங்கள் ஊரிலிருந்து தூரமாக இருந்தாலும் சரி.